புலியோட இன்னொரு பக்கம்

ஒரு காலத்துல, மூடுபனிக்கு எழுந்து போக மனசே வராத ஒரு மலைக்காட்டுல, ஒத்தையடிப் பாதை ஒண்ணு இருந்துச்சு. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு மரம். மரத்துக்கு ஒண்ணா ரெண்டு கேமராவக் கட்டிட்டு இருந்தாங்க.

ஏன் ரெண்டுன்னா, புலியோட இடது பக்கத்து வரியும் வலது பக்கத்து வரியும் ஒண்ணா இருக்காது. ஒரு பக்கத்த மட்டும் பாத்தவனுக்கு மறுபக்கத்தக் காட்டினா, இது வேற புலின்னு சத்தியம் பண்ணுவான். மனுஷனும் அப்படித்தான். ஆனா மனுஷன ரெண்டு பக்கமும் பாக்க யாரும் மெனக்கெடறதில்ல.

கட்டினது செவ்வந்தி. புலிய ஆராய்ச்சி பண்ற பொண்ணு. கூட வந்தவர் மாதன், அந்தக் காட்டுலயே காவல் வேலை பாக்குறவர். கேமரா சரியா வேலை செய்யுதான்னு பாக்க, யாராவது ஒருத்தர் புலி மாதிரி நாலு கால்ல நடந்து காட்டணும்.

"மாதண்ணா, இன்னும் குனிங்க. புலி இவ்வளவு உசரம் இல்ல."

"புலிக்கு முட்டிவலி இல்லீங்க அம்மிணி."

"அப்படியே வாலக் கொஞ்சம் ஆட்டுங்க."

"அதுக்கு வேற ஆளப் பாருங்க."

ரெண்டு கேமராவும் மாதனப் பளிச் பளிச்சுன்னு படம் எடுத்துட்டு, உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிச்சு. புலியோட இடது பக்கத்தப் பாக்குறதுக்கு இடத்தான்னு பேரு. வலது பக்கத்தப் பாக்குறதுக்கு வலத்தான்.

கேமராவப் பாதுகாக்க இரும்புப்பெட்டி ஒண்ணுதான் வந்திருந்துச்சு. இன்னொண்ணு அடுத்த தடவ வரும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல எப்பவும் இன்னொண்ணு அடுத்த தடவதான் வரும். இருந்த பெட்டிய இடத்தானுக்கு மாட்டி, போல்ட்டு முறுக்கி, பூட்டும் போட்டாங்க. வலத்தான வெறும் பட்டையால கட்டி, மேல யானை லத்தியப் பூசி விட்டாங்க. மனுஷக் கை வாசன வந்தா யானை பிடுங்கி எறிஞ்சிரும்.

"உனக்கு அரண்மனை, எனக்கு லத்தி. நாத்தம் தாங்கலடா," அப்படின்னுச்சு வலத்தான்.

"மூக்கே இல்லாத உனக்கு என்னடா நாத்தம்?" இடத்தான் கேட்டுச்சு.

பெட்டி தொண்டையச் செருமிக்கிச்சு. "தம்பி, இனிமே நீ என் பொறுப்பு. யாரு வந்தாலும் என்னத் தாண்டித்தான் உன்ன வந்து தொடணும்."

புலி விடியக்கால வருவா. ஆத்துல தண்ணி குடிச்சிட்டு, பனிக்குள்ள இருந்து மொதல்ல முகம், அப்புறம் தோளு, கடைசியா வாலுன்னு கொஞ்சம் கொஞ்சமா உருவாகி வருவா. பாதையில ஏறி, மலையத் தாண்டி, அந்தாண்ட சரிவு வழியா சுத்தி மறுபடி ஆத்துக்கே எறங்கிப் போவா. வந்த வழியே திரும்புற பழக்கமே அவளுக்குக் கெடயாது. வெளிச்சம் அடிச்சா நின்னு ஒரு பார்வ பாப்பா.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இதான் எங்க வேலையே," ரெண்டும் ஒண்ணாச் சொல்லும்.

ஒரு நாள் அவ நிக்கல. பேசவும் இல்ல. அவ போனதும் வலத்தான் கூப்பிட்டுச்சு.

"டேய், பாத்தியா?"

"பாத்தேன். தங்கம் மாதிரி தகதகன்னு போறா."

"என்ன தங்கம்? வலது தோள்ல சுருக்குக் கம்பி எறங்கிக் கெடக்கு. சதை பிளந்து ஈ மொய்க்குது. எவனோ பன்னிக்கு வச்சதுல மாட்டி, பிச்சுக்கிட்டு வந்திருக்கா."

"என் பக்கம் ஒண்ணும் இல்லையே."

"உன் பக்கம் இல்லன்னா ஊர்லயே இல்லன்னு ஆயிடுமா?"

"நான் பாத்தத நான் சொல்றேன்."

"நீ பாத்தது பாதி. பாதிய வச்சுக்கிட்டு முழுசாப் பேசாத."

பெட்டி நடுவுல புகுந்துச்சு. "விடு தம்பி. அவன் மேல பூசினது கண்ணுலயும் பட்டிருக்கும்."

இடத்தானுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நிழல்ல உக்காந்திருக்கறவனுக்கு வெயில்னாலே பொய்யாத்தான் தெரியும்.

மறுநாள் பனி கலையறதுக்கு முன்னாடி ரெண்டு ஆளுங்க வந்தாங்க. கையில கம்பிச் சுருள். வலத்தான் ஒரு நொடிகூட யோசிக்கல. பளிச்.

"ஏ, என்னமோ மின்னுது பாரு," அப்படின்னான் ஒருத்தன்.

"கேமராடா. நம்ம மூஞ்சி விழுந்திருச்சு. அறுத்து எடு."

அவங்க பட்டைய அறுக்க, வலத்தான் கத்துச்சு. "இடத்தான், எடுடா. என்ன விடு. இவனுங்க மூஞ்சிய எடு."

"கண்ண மூடு," பெட்டி மெதுவாச் சொல்லுச்சு. "நீ செடி மறைவுல இருக்க, உன்ன அவனுங்க இன்னும் பாக்கல. நான் இரும்புதான், ஆனா அவனுங்ககிட்ட பாறாங்கல்லு இருக்கு. நம்மள வச்சது புலிக்கு. மனுஷங்க பஞ்சாயத்து நமக்கு எதுக்கு?"

எல்லாம் நியாயமான பேச்சுதான். பயந்தவனுக்கு நியாயம் எப்பவும் கைக்கெட்டுற தூரத்துலயே கெடைக்கும். இடத்தான் கண்ண மூடிக்கிச்சு. வலத்தானப் பள்ளத்துல வீசினாங்க. விழுந்த சத்தம் மேல வர்றதுக்குள்ள பனி பள்ளத்த மூடிருச்சு.

செவ்வந்தியும் மாதனும் வந்தப்ப, எதிர் மரத்துல அறுந்த பட்ட மட்டும் தொங்குச்சு.

"யானைதான் அம்மிணி. லத்தி பூசுனது பத்தல."

"நெறையப் பூசலாம்னு நான் சொன்னேன்ல. நீங்கதான் கை நாறுதுன்னீங்க."

லத்தி எவ்வளவு பூசியிருக்கணும்னு ரெண்டு பேரும் வாதாடினாங்களே தவிர, பட்டையோட அறுப்பு கத்தி அறுப்பு மாதிரி நேரா இருக்கறத ஒருத்தரும் பாக்கல. அப்புறம் பெட்டியத் தெறந்து, இடத்தான் எடுத்த படத்தச் சின்னத் திரையில ஓட்டிப் பாத்தா செவ்வந்தி.

"அப்பாடா. ஆளு நல்லா இருக்கா. ஒரு கீறல் இல்ல பாருங்க."

"அப்ப இந்தப் பக்கம் ரோந்து எதுக்குங்க? ஆளுங்கள மேற்கால அனுப்பிரலாம்," அப்படின்னார் மாதன்.

இல்ல, இல்லன்னு இடத்தானுக்குச் சொல்லணும் போல இருந்துச்சு. ஆனா மனுஷங்ககிட்ட பேச அதுக்கு வாய் கெடயாது. எடுத்த படம்தான் வாய். எடுக்காம விட்டது எடுக்காம விட்டதுதான். அவங்க போனதுக்கப்புறம் எதிர் மரத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சண்டை போட ஆள் இல்லாத காடு ரொம்பப் பெருசா இருந்துச்சு.

புலி மறுபடி வந்தா. பனி அவள உருவாக்கவே கஷ்டப்பட்ட மாதிரி இருந்துச்சு, அவ்வளவு மெலிஞ்சிருந்தா.

"கொஞ்சம் நில்லு," இடத்தான் சொல்லுச்சு. "உன் வலது பக்கத்தக் காட்டு."

"எதுக்கு? உன் பக்கம்தான் எல்லாம் நல்லா இருக்கே."

"நான் சொன்னது தப்பு."

"தப்புன்னு சொல்ல உனக்குத் தெம்பு இருக்கு. நின்னு திரும்ப எனக்கு இல்ல. இந்த மலையத் தாண்டினா அந்தாண்ட எங்கயாவது படுத்திருவேன். என்னத் தேடாதீங்க."

அவ காலத் தூக்கி வச்சா. இடத்தான் அவ கண்ணுக்கு நேரா வெளிச்சத்த அடிச்சுச்சு. அவ சீறினா. மறுபடி அடிச்சுச்சு.

"பைத்தியமா உனக்கு?" பெட்டி அலறுச்சு. "அடிபட்ட புலிடா. பேட்டரியும் தீந்துரும்."

"தீரட்டும்."

மறுபடியும் வெளிச்சம். புலி ஒரே பாய்ச்சல்ல வந்து அறைஞ்சா. பெட்டியோட கதவு உள்ள நசுங்குச்சு, கண்ணாடி ஓரமா விரிஞ்சுச்சு. இடத்தான் நிறுத்தல. வெள்ள வெளிச்சமும் வெள்ளப் பனியும் ஒண்ணாக் கலந்து, பாதையில ஏதோ பாலக் கொட்டின மாதிரி ஆயிருச்சு. அந்த வெள்ளைக்குள்ள போக அவளுக்குப் பிடிக்கல. முணுமுணுன்னு திட்டிக்கிட்டே திரும்பி, வந்த வழியே ஆத்துப் பக்கம் எறங்கினா.

அவ திரும்பினப்ப அந்தப் பக்கம் முழுசாத் தெரிஞ்சுச்சு. கம்பி, சதை, ஈ, எல்லாமே வலத்தான் சொன்ன மாதிரி.

பளிச். அதோட பேட்டரி செத்துப்போச்சு.

"உன்னக் காப்பாத்தத்தானடா நான் இருந்தேன்," நசுங்கின பெட்டி முனகுச்சு.

"காப்பாத்தின. எதுக்குக் காப்பாத்துறன்னு நீயும் யோசிக்கல, நானும் கேக்கல."

அன்னைக்கே மத்தியானம் செவ்வந்தி மாதனோட வந்தா, ஆபீஸ்ல சொன்ன அடுத்த தடவ ஒருவழியா வந்திருந்ததால. தோள்ல புதுப் பெட்டி, பையில புதுக் கேமரா. நசுங்கின கதவ நெம்பித் தெறந்து, கடைசிப் படத்தப் பாத்தவ பாதையிலயே உக்காந்துட்டா.

"நல்லா இருக்கான்னு நான்தான் சொன்னேன் மாதண்ணா."

"ரோந்து வேணாம்னது நானுங்க அம்மிணி. எந்திரிங்க. காலையிலதான் எறங்கிப் போயிருக்கா, தடம் இன்னும் ஈரமா இருக்கு."

சாயங்காலத்துக்குள்ள ஆத்தோரம் டாக்டர் வந்து, புலிக்கு மயக்க ஊசி போட்டு, கம்பிய எடுத்தார். அவ பொழச்சுக்கிட்டா. இடத்தான் இதையெல்லாம் பாக்கல. செவ்வந்தியோட பையில இருந்தபடி எட்டிப் பாத்த புதுக் கேமரா வந்து சொல்லுச்சு. தான் பாக்காத ஒண்ண இடத்தான் நம்பினது அதான் மொதல் தடவ.

மறுநாள் இடத்தானுக்கு வேற பேட்டரி போட்டாங்க. புதுசு எதிர் மரத்துல, பெட்டிக்குள்ள பத்திரமா உக்காந்துச்சு.

"அந்தப் புலி மறுபடி எப்ப வரும்?" புதுசு கேட்டுச்சு.

"வரமாட்டா. என் வெளிச்சத்துக்குப் பயந்து வேற பாதையப் பிடிச்சிருப்பா."

"அப்புறம் நான் எதுக்கு இங்க?"

"மானு வரும். கரடி வரும். மனுஷனும் வருவான். என் பக்கத்த மட்டும் பாத்துட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு நான் சொல்லுவேன். அப்பல்லாம் நீ என்கூடச் சண்டைக்கு வரணும்."