வெள்ளோட்டக்காரனின் தலைவலி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் மிச்சமிருக்கிற என் இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும். ஏற்கெனவே ஆடுகிறதே என்று பார்க்காதீர்கள், அது வயசுக் கோளாறு.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மஞ்சணத்தி நாட்டை நெடுமுடி வர்மன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். அப்போது நீ எங்கே இருந்தாய் என்கிறீர்களா? அரண்மனையில்தான். பெரிய பதவி! வெள்ளோட்டக்காரன். எந்த மருந்தும் முதலில் எனக்குத்தான். நான் சாகவில்லை என்று தெரிந்தபிறகுதான் அரசருக்கு. அவருக்கு வயிறு மந்தமென்றால் எனக்குப் பேதி. அவ்வளவு நெருக்கம் எங்களுக்குள்.

அரசருக்குத் தீராத தலைவலி. காலையில் சபை கூடியதும் பிடிக்கும், பொழுது சாய்ந்தால்தான் விடும். சுக்குப் பற்று, நொச்சி ஆவி, மிளகுப் புகை எல்லாம் பார்த்தாயிற்று. என் மூக்குதான் வெந்தது.

சபையில் முழக்கணார் என்றொரு கட்டியக்காரர் இருந்தார். அரசர் அமர்ந்ததும் காதருகே நின்று, "எண்திசையும் நடுங்க, எல்லை கடந்து ஒலிக்கும் புகழுடைய..." என்று பட்டங்களை முழங்குவது அவர் வேலை. குரலா அது? தூணில் இருக்கிற புறா பறந்துவிடும். "மன்னா, புகழ் தலைக்குள் நிறைந்து நெருக்குகிறது, அதுதான் வலி" என்பார். அரசரும் பூரித்துப்போவார்.

அந்தச் சமயம் துறைமுகத்துக்குச் சீனக் கப்பலில் மேய்லின் என்ற வைத்தியச்சி வந்தாள். வருஷா வருஷம் வந்துபோனதில் தமிழ் அத்துப்படி. கோபம் வந்தால் மட்டும் சீனம். அமைச்சர் பூதிமாறனார் அவளை அழைத்துவந்தார். அவள் அரசரின் இரண்டு கையிலும் நாடி பிடித்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

"வலி தலையில் அம்மா" என்றார் அரசர்.

"தலை பேசாது மன்னா, நாக்கு பேசும்" என்று சொல்லி ஊசிப்பெட்டியைத் திறந்தாள்.

முழக்கணாருக்கு வயிறெரிந்தது. தன்னைத் தவிர வேறொருத்தி அரசர் பக்கத்தில் நிற்பதா? "மன்னா, வைத்தியம் பலிக்காவிட்டால் இவளுக்கும் வெள்ளோட்டக்காரனுக்கும் யானைக்காலில் இடம் கொடுங்கள்" என்றார். அரசருக்கு அப்போது வலி உச்சத்தில் இருந்தது. "அப்படியே ஆகட்டும்!"

"நான் என்ன செய்தேன்?" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேய்லின் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குத் தலைவலி உண்டா ஐயா?"

"தலைக்குள் ஏதாவது இருந்தால்தானே வலிக்கும்?"

"வலியில்லாதவனுக்கு ஊசி போட்டால் எனக்கு எப்படித் தெரியும், பலித்ததா இல்லையா என்று?"

அமைச்சர் தாடியைத் தடவினார். "சுலபம். அரசர் வாழ்கிற நாளை இவன் வாழட்டும். அதே சாப்பாடு, அதே அரியணை. வலி தானாக வரும். அதுவரை மன்னர் ஓய்வெடுக்கட்டும்."

மறுநாள் காலை நான் அரியணையில்! கால் தரையைத் தொடவில்லை. முழக்கணார் பல்லைக் கடித்துக்கொண்டு, அரியணையில் இருப்பவருக்கு முழங்கவேண்டும் என்ற விதிப்படி என் இடது காதில் தொடங்கினார். "எண்திசையும் நடுங்க..."

ஆகா! என் பெண்டாட்டிகூட நடுங்காத என்னைக் கண்டு எட்டுத் திசையும் நடுங்குகிறதாம். மார்பு விரிந்தது. மீசை தானாக முறுக்கிக்கொண்டது. கூடவே நெற்றிப்பொட்டில் யாரோ உரல் போட்டு இடித்தார்கள். அமைச்சர் குனிந்து, "வலிக்கிறதா? நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றார்.

"வலி உயிர் போகிறது ஐயா. ஆனால் அந்த எல்லை கடந்த புகழ்... அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள்."

பிறகு மேய்லின் என் கட்டைவிரல் சந்தில் ஒரு ஊசி, காலில் ஒரு ஊசி குத்தினாள். "வலி மேலே, குத்து கீழேயா?" என்று நான் அலறி முடிப்பதற்குள் வலி போய்விட்டது. சாமந்திப்பூக் கஷாயமும் கொடுத்தாள். மறுநாள் அரியணையில் உட்கார்ந்தேன், பட்டம் தொடங்கியது, வலி திரும்ப வந்தது.

"ஊசி எடுத்துவிடுகிறது. எதுவோ திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது" என்றாள் மேய்லின், முழக்கணாரின் வாயையே பார்த்துக்கொண்டு.

அதற்குள் அந்தப்புரத்திலிருந்து அரசர் துள்ளி வந்தார். "பூதிமாறனாரே! இரண்டு நாளாக எனக்கு வலியே இல்லை!"

அமைச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் 'புகழ்தான் உங்களைக் கொல்கிறது' என்று ஓர் அரசரிடம் சொல்லமுடியுமா? சொன்னால் யானைக்காலில் மூன்றாவது இடமும் நிரம்பும். அவர் பணிவாகக் கைகட்டினார்.

"மன்னா, தங்கள் பெருமை தங்களுக்குத் தெரிந்ததுதானே? தெரியாதவன் பக்கத்து நாட்டுக்காரன். முழக்கணார் எல்லையில் நின்று அந்தப் பக்கம் பார்த்து முழங்கினால் என்ன?"

"அருமை!" என்றார் அரசர்.

முழக்கணார் பதறினார். "மன்னா, அவ்வளவு தூரத்திலிருந்து முழங்கினால் தங்களுக்குக் கேட்காதே!"

"எல்லை கடந்து ஒலிக்கும் புகழ் என்று தினம் சொல்வது நீங்கள்தானே? அப்படியானால் இத்தனை நாள் அரசர் காதில் பொய்யா சொன்னீர்கள்?" என்றார் அமைச்சர்.

முழக்கணார் எல்லைக்கு அன்றே மூட்டை கட்டினார். அரசர் அரியணையில் அமர்ந்தார். மிச்சம் மீதி இருந்தால் போகட்டுமென்று மேய்லின் ஊசி போட்டாள். அன்றும் வலி வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

கொஞ்ச நாளில் பக்கத்து நாட்டுத் தூதன் தலையில் ஈரத்துணியோடு வந்தான். "எங்கள் அரசருக்குத் தாங்கமுடியாத தலைவலி. ஊசியம்மாளை அனுப்புங்கள், நீங்கள் கேட்கிற கிராமங்களைத் தருகிறோம்." அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்றது. எல்லாம் புரிந்துபோய் அமைச்சருக்குத் தன் முத்துமாலையைப் போட்டார். மேய்லினுக்குக் கப்பல் நிறைய மிளகு.

"உனக்கு என்னடா வேண்டும்?" என்று என்னைக் கேட்டார். கொஞ்சமாவது புத்தியிருந்தால் நிலம் கேட்டிருப்பேன். "முழக்கணார் ஒரே ஒருநாள் என் வீட்டு வாசலில் முழங்கவேண்டும் மன்னா" என்றேன். வந்தார், என் இடது காதில் முழங்கினார். என் பெண்டாட்டி கழுநீர்ப் பானையை எடுத்து எங்கள் இருவர் தலையிலும் ஊற்றினாள். அன்றோடு இடது காது அவுட்.

இதை நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். தெரிந்தால் பாராட்ட ஆள் வருவார்கள், என் தலை தாங்காது. வந்தே தீருவோம் என்று யாராவது அடம்பிடித்தால் மட்டும், வலது காதுப் பக்கமாக வரச் சொல்லுங்கள்.