இல்லாத மேனேஜர்

பாளையங்கோட்டை டாக்டர் வீட்டில் வாஷிங் மெஷினின் திரை செத்துப்போனது. எந்த பட்டனை அழுத்தினாலும் கறுப்புதான். வேட்டி, போர்வை, மெத்தை உறை எல்லாம் வீட்டு வேலை பார்க்கும் பேச்சியம்மாளின் கையில் வந்து விழுந்தன. தோள்பட்டை விட்டுப்போவதற்குள் திரையை மாற்றியாக வேண்டும் என்று அவளே சர்வீஸ் சென்டருக்குப் போனாள்.

அங்கே மேனேஜர் திருமலைக்கொழுந்து. ஏசி அறையை விட்டு வெளியே வந்தால் பதவி கரைந்துவிடும் என்று நம்புகிறவர். கதவைப் பாதி திறந்து, "ஸ்கிரீன்ல என்ன எரர் நம்பர் வருது?" என்றார்.

"ஸ்கிரீனே போச்சு சார். ஒண்ணும் தெரியல."

"போச்சுன்னா, போச்சுன்னு ஸ்கிரீன்தான் காட்டணும். நீ சொன்னா ஆகாது. இங்க ரூல் அப்படி."

மறுநாளும் போனாள். கண்ணாடி வழியே அவளைப் பார்த்ததும் மேனேஜர் உள்ளே பதுங்கினார். கவுன்டரில் இருந்த பெண், "மேனேஜர் இல்லைம்மா" என்றாள்.

பேச்சியம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நீ சொன்னா ஆகாது தாயி. இல்லைன்னு அவரே வந்து சொல்லணும். இங்க ரூல் அப்படித்தான."

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அறைக் கதவு படாரென்று திறந்தது.

"அதான் நான் இல்லைன்னு சொல்லியாச்சுல்ல" என்று கத்தினார் திருமலைக்கொழுந்து.

"நீங்க சொல்லிட்டீங்க சார்" என்றாள் பேச்சியம்மாள். "எங்க ஸ்கிரீனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதனாலதான் மாத்தச் சொல்லுதேன்."

மதியமே ஆள் வந்து புதுத் திரையை மாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு திருமலைக்கொழுந்து, தான் இல்லாத நேரத்தில் வாயைத் திறப்பதே இல்லையாம்.