கல்மரத்தின் முன்னால்

மேலக்கரட்டுப் பாறையில் கடல் சிப்பிகள் கல்லாகிக் கிடந்தன. பக்கத்து ஊரான ஓடைக்குடியில் ஒரு மரமே கல்லாகிக் கிடந்தது. அதற்கடுத்த செம்மேட்டில், அலை அடித்த வரிகள் அப்படியே பாறையில் பதிந்திருந்தன. எந்த ஊரின் கல் உசத்தி என்பதில் மூன்று ஊருக்கும் ஆகாது.

மேலக்கரட்டுக் குன்றின்மேல் குடிசை போட்டிருந்த வல்லியம்மை, மூன்றையும் சேர்த்து ஒரே புவிப்பூங்காவாக்குவோம், ஒன்றைப் பார்க்க வருகிறவர்களை மற்ற இரண்டுக்கும் அனுப்பிவைப்போம் என்று வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்தாள். எங்கள் ஊருக்கு வந்தவனைப் பக்கத்து ஊருக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள்.

அவளுக்கென்று வாய்த்த சீடர் ஒருவர்தான், மேலக்கரட்டுச் சிங்காரம். அவளைவிட மூத்தவர். குவாரியில் வெடி வைத்து ஒரு காது மந்தம். சிப்பிப் பாறைக்கு மட்டும் வெடி வைக்க மாட்டேன் என்று சொல்லித்தான் அந்த வேலையை விட்டிருந்தார்.

அப்புறம் ஒரு ஜல்லிக் கம்பெனி வந்தது. அதன் மேனேஜர் பலே ஆள். உங்கள் பாறையைத் தொட மாட்டோம், பக்கத்து ஊர்ப் பாறைக்கு மட்டும் குறுக்கே நிற்காதீர்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகப் பேசினான். மூன்று ஊரும் சம்மதம் என்று கை தூக்கின. சிங்காரமும் தூக்கினார். மூன்று ஊரிலும் அவன் இதையேதான் பேசியிருக்கிறான், மூன்று பாறையும் போகப்போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. சிங்காரம் ஓடைக்குடிக்காரர்களைத்தான் திட்டித் தீர்த்தார். தான் கை தூக்கியது நினைப்பிலேயே இல்லை.

"நம்ம பாறையக் காப்பாத்த என்னங்கம்மா வழி?"

வல்லியம்மை கூழ்ச்சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஓடைக்குடிக்கு நடங்க. அங்கதான் மொதல்ல மிஷினு வருதாம்."

"அவனுங்க நம்ம பாறைய வித்தவனுங்கம்மா."

"நீங்க அவங்களோடத வித்தீங்க. நடங்க."

இருவரும் போய்க் கல்மரத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். மிஷின் வந்து நின்றது. ஓடைக்குடிக்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவர்களுக்கு என்ன கிறுக்கா என்று ஒருத்தி கேட்டது சிங்காரத்துக்கு நல்ல காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது.

மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கினான். மேலக்கரட்டு ஆட்களுக்கு இந்த எல்லையில் என்ன வேலை என்று கேட்டான்.

"இங்க கடல் கெடந்தப்ப எந்த ஊரு எல்லை எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க. எந்திரிச்சுப் போறோம்" என்றாள் வல்லியம்மை.

இவளிடம் பேசிப் பயனில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சிங்காரத்தின் பக்கத்தில் குந்தினான். அவர் எழுந்து போனால் போதும், சிப்பிப் பாறையை எந்தக் காலத்திலும் தொட மாட்டோம் என்று ஊர் கூட்டிச் சத்தியம் செய்து தருவதாகச் சொன்னான்.

சிங்காரம் எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றினார். வேலையை விட்டுக் காப்பாற்றிய பாறை அது. அதற்காக எதையும் செய்வார்.

"நான் எந்திரிச்சா நம்ம பாறை தப்பிச்சிரும்லங்கம்மா?"

வல்லியம்மை கூழைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்குத் தப்பிக்கும். நாளைக்கு நம்ம பாறை முன்னால நாம ரெண்டு பேரும் இதே மாதிரி உக்காந்திருப்போம். ஓடைக்குடியிலேர்ந்து யாரு வருவா?"

சிங்காரம் ஊன்றிய கையை எடுத்தார். மேனேஜருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.