வெள்ளைக்கோடு போட்ட நரி

கருமலைக் காட்டின் ஓரத்தில் முள்ளி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்தது. அதன் வளைக்கு முன்னால் நிலம் கன்னங்கரேலென்று கிடந்தது. மூடிப்போன ஆலை ஒன்று கொட்டிவிட்டுப் போன எண்ணெய்க் கழிவு அது. அங்கே தோண்டிய கிழங்கைத் தின்று முள்ளியின் குட்டி ஒன்று செத்துப்போனது. இன்னும் இரண்டு குட்டிகள் இருந்தன. மழை வந்தால் அந்த விஷம் கீழேயுள்ள குளத்தில் இறங்கும். காட்டுக்கு இருந்ததே அந்த ஒரு குளம்தான்.

முள்ளி அழுதுகொண்டே மண்ணைக் கிளறியது.

"அம்மா, கொஞ்சம் மெதுவா" என்றது ஒரு குரல்.

"யாரது?"

"நாங்க பாக்டீரியா. கண்ணுக்குத் தெரிய மாட்டோம். இந்த எண்ணெய்தான் எங்களுக்குச் சாப்பாடு. சாணி போடுங்க, தண்ணி தெளிங்க, காத்து படறாப்பல மண்ணைக் கிளறிவிடுங்க. மழைக்குள்ள தின்னு முடிச்சிடறோம்."

முள்ளி மாட்டேன் என்றா சொல்லும்? காட்டெருமைகளின் சாணத்தை உருட்டி உருட்டிக் கொண்டுவந்தது. தினமும் கிளறியது. மெல்ல மெல்ல நாற்றம் குறைந்தது. நடுவில் ஒரு புல் தலைகாட்டியது. முள்ளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

செய்தி புலிராஜாவின் காதுக்குப் போயிற்று. நேரில் வந்து பார்த்து, உழைத்தவர்களுக்கு மாலை போடுவதாகப் புலி சொல்லிவிட்டது. அவ்வளவுதான், மந்திரி நரி பரபரவென்று வந்து சேர்ந்தது.

"வேலை செய்யறவங்க எங்கே? வரிசையா நிக்கச் சொல்லு."

"இந்த மண்ணுக்குள்ளதான் இருக்காங்க, மந்திரியாரே. கோடிக்கணக்குல."

"ஆளையே காணோம், கோடியாம்! அப்புறம் ராஜா யாருக்கு மாலை போடுவார்? அது கிடக்கட்டும். இதென்ன சாணி நாத்தம்?"

பெரியவர்கள் வந்தால் வழியெல்லாம் பிளீச்சிங் பவுடர் போடுவது நரியின் வழக்கம். ஆலைக் கிடங்கில் அது மூட்டை மூட்டையாய்க் கிடந்தது.

"வேண்டாங்க. அது கிருமியைக் கொல்ற பொடி. உள்ள இருக்கறவங்க செத்துடுவாங்க" என்று முள்ளி காலில் விழுந்தது.

"கிருமி சாகட்டும்னுதானே போடறோம்" என்றது நரி.

நரியின் சேவகர்கள் சாணத்தையெல்லாம் வாரி முள்ளியின் வளைப்பக்கம் வீசினார்கள். நிலம் முழுக்க வெள்ளைவெளேரென்று தூவி, ஓரத்தில் கோடும் போட்டார்கள். புலி வந்தது. "என்ன சுத்தம்" என்று மெச்சி, மாலையை நரியின் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனது. மண்ணுக்குள்ளிருந்து அன்று ஒரு குரலும் கேட்கவில்லை.

மழை கொட்டியது. மிச்சமிருந்த விஷமும் பவுடரும் சேர்ந்து குளத்தில் இறங்கின. மீன்கள் செத்து மிதந்தன. நாக்குத் தொங்க நரி ஓடிவந்தது. "அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆளுங்களைக் கூப்பிடேன்" என்று கெஞ்சியது.

நரி வீசிய சாணிக்குவியலிலிருந்து ஈனக் குரல் ஒன்று வந்தது. "அம்மா, இதுக்குள்ள கொஞ்சம் பேர் பிழைச்சிருக்கோம். ஆனா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அடுத்த மழை வரைக்கும் ஆகும்."

"அதுவரைக்கும் நாங்க எதைக் குடிக்கறது?" என்றது நரி.

முள்ளி தன் குட்டிகளின் வறண்ட வாயைப் பார்த்தது. அதற்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"உங்க மாலையைப் பிழிஞ்சு குடிங்க. குடிச்சிட்டு வந்து சாணி சுமங்க."

கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பவர்களை ஒழித்துவிட்டு வெளிப்பார்வைக்குச் சுத்தம் காட்டுகிறவன், கடைசியில் எல்லோர் குடிதண்ணீரையும் கெடுத்துவிடுவான்.