வரி மறையாத பழம்

குருவுக்குப் பசி வந்தால் கோபமும் கூடவே வரும். மடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அப்படியிருந்தும், உச்சிவெயிலில் காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது, சீடர் ஏகாம்பரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சாமி, குருபக்தின்னா என்ன?"

"முதல்ல வயித்தைக் கவனிப்போம்," என்றார் குரு.

கள்ளிவேலி மேல் ஒரு கொடி படர்ந்திருந்தது. இலைகளுக்கிடையே சிவப்புப் பழங்கள். புரை விழுந்த கண்ணைச் சுருக்கிப் பார்த்த குருவுக்கு முகம் மலர்ந்தது. கோவைப்பழம் என்று சொல்லி, எட்டியதைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்தார்.

ஏகாம்பரத்துக்குத் திக்கென்றது. அவர் ஆடு மேய்த்து வளர்ந்தவர். கோவைக்காயில் வெள்ளை வரி இருக்கும், பழுத்தால் மறைந்துவிடும். இந்தப் பழங்கள் சிவந்த பிறகும் வரி அப்படியே இருந்தது. இது ஐவிரலிக் கொடி. பழம் விஷம்.

குரு உணவில் கை வைத்ததிலிருந்து உண்டு முடிக்கும்வரை சீடன் வாய் திறக்கக் கூடாது என்பது மடத்து விதி. மீறியவனுக்குத் தீட்சை கிடையாது. ஏகாம்பரத்துக்கு வருகிற தைப்பூசத்தில் தீட்சை. தலை நரைக்கும்வரை காத்திருந்து கிடைத்த நாள் அது.

குரு ஒரு பழத்தை வாயில் போட்டு மென்றார். கசப்பில் முகம் கோணியது. காட்டுக்கோவை கசக்கத்தான் செய்யும் என்று முணுமுணுத்தபடி விழுங்கினார். ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

குரு இன்னொன்றை எடுத்தார். அது உதட்டைத் தொடும்போது ஏகாம்பரம் பாய்ந்து கையைத் தட்டிவிட்டார்.

"விஷம், சாமி. விரலை விட்டு வாந்தியெடுங்க."

குரு குனிந்து வாந்தியெடுத்தார். ஏகாம்பரம் கமண்டலத்துத் தண்ணீரைக் குடிக்கவைத்து, மறுபடியும் எடுக்கவைத்தார். குருவின் உடம்பு வெகுநேரம் நடுங்கியது. பிழைப்பாரோ மாட்டாரோ என்று தெரியாமல் ஏகாம்பரம் அவரைத் தாங்கிப் பிடித்தபடி அழுதார். மூச்சு சீரான பிறகுதான் காலில் விழுந்தார்.

"விதியை மீறிட்டேன். சாமி மேலயே கை வச்சிட்டேன். தீட்சை வேண்டாம், மன்னிச்சாப் போதும்."

குரு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"கொடியைப் பார்த்ததுமே, சாமி."

குரு மடியில் மிச்சமிருந்த பழங்களை மண்ணில் உதறினார்.

"ரெண்டாவது பழத்தைத் தட்டிவிட்டதுக்கு மன்னிப்புக் கேக்கறே. முதல் பழத்துக்கு?"