கழுத்தளவு உபசாரம்

முத்துறைப்பட்டினத்தை ஆண்ட செண்பகராயருக்குக் குதிரை என்றால் உயிர். ஆனால் குதிரைக் கப்பல்கள் அவருடைய துறைமுகத்தைக் கண்டும் காணாததுபோல் தாண்டி, பக்கத்து நாட்டுத் துறைக்கே போய்க்கொண்டிருந்தன. லாயம் பாதி காலி. மீதிப் பாதியில் இருந்ததெல்லாம் கிழம். எல்லைக்கு அப்பால் பகைவன் வேறு படை சேர்த்துக்கொண்டிருந்தான்.

மன்னர், அமைச்சர் திருவாழியாரைக் கூப்பிட்டார். "இங்கே இறங்குகிற வணிகன் நம் உபசாரத்தில் அப்படியே மூழ்கிப்போக வேண்டும். வேறொரு துறை இருப்பதே அவனுக்கு மறந்துபோக வேண்டும். ஏற்பாடு செய்யும்."

திருவாழியார் ஏற்பாடு செய்தார். கடற்கரையிலிருந்து சுங்கச்சாவடி வரைக்கும் ஏழு பந்தல்கள். முதல் பந்தலில் மாலை. அடுத்ததில் சந்தனமும் பன்னீரும். அதற்கடுத்ததில் ஒரு புலவர், வந்தவருடைய புகழை அவர் யாரென்றே தெரியாமல் பாடுவார். பிறகு பெயரும் ஊரும் கேட்பார்கள். பிறகு நடனம். நடனம் முடிந்ததும் மறுபடி பெயரும் ஊரும் கேட்பார்கள், ஏனென்றால் முன்னால் கேட்டவர் வேறு இலாகா. கடைசிப் பந்தலில் ஒருவர் பணிவாக நின்று, "எங்கள் உபசாரம் தங்களுக்கு இன்பமாக இருந்ததா, பேரின்பமாக இருந்ததா?" என்று கேட்பார். இரண்டில் ஒன்றைச் சொன்னால்தான் வெளியே விடுவார்கள்.

எல்லா வணிகர்களும் பேரின்பம் என்றே சொன்னார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

அரசவையில் தெய்வச்சிலை என்றொருவர் இருந்தார். இன்ன வேலை என்று அவருக்கு எதுவும் கிடையாது. மன்னருக்கு அலுப்புத் தட்டும்போது பேசுவார், அவ்வளவுதான். ஒருநாள் கடற்கரைப் பக்கம் போனவர், உசைன் மரைக்காயர் என்ற குதிரை வணிகர் நடனப் பந்தலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். மணலில், வெயிலில், அவருடைய குதிரைகள் நின்றன. உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஒரு பெட்டைக் குதிரை காலை மடித்துப் படுத்தே விட்டது. தெய்வச்சிலை நேரே பந்தலருகே போனார்.

"மரைக்காயரே, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"தண்ணி."

"உங்களுக்கா, குதிரைக்கா?"

"முதல்ல அதுகளுக்கு. மிச்சம் இருந்தா எனக்கு. இத்தனை நாளா கடல்ல வந்திருக்கோம், நல்ல தண்ணியை உடம்பு மறந்தே போச்சு. இங்க என்னடான்னா ஆளாளுக்குப் பன்னீர் தெளிக்கிறாங்க."

தெய்வச்சிலை ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிக் குடம் குடமாகக் கொண்டுவந்தார். பெட்டைக் குதிரை பிழைத்தது. ஆனால் மரைக்காயர் ஒரு குதிரையைக்கூட விற்காமல் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சபையில் திருவாழியார் எழுந்தார். "மன்னா, எட்டாவதாக ஒரு பந்தல் போட்டால் சரியாகிவிடும்."

தெய்வச்சிலை சிரித்துவிட்டார். சபையில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தார்.

மன்னரின் முகம் சிவந்தது. "சிரிக்கத் தெரிந்தவருக்குச் செய்யவும் தெரிய வேண்டும். அடுத்த கப்பல் உம் பொறுப்பு. அந்த வணிகன் நம் உபசாரத்தில் கழுத்தளவு மூழ்கியிருப்பதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதே கப்பலில் நீரும் ஏறிப் போய்விடும்."

"கழுத்தளவுதானே மன்னா?"

"கழுத்தளவு!"

"உத்தரவு" என்றார் தெய்வச்சிலை.

கடற்கரைக்குச் சற்று உள்ளே ஒரு நல்ல தண்ணீர் ஊற்று இருந்தது. அங்கே ஆட்களை விட்டு வெட்டச் சொன்னார். என்ன வெட்டுகிறார் என்று கேட்டவர்களுக்கு, "உபசாரம்" என்று மட்டும் சொன்னார். பெயரும் ஊரும் கேட்க ஒரே ஒரு அதிகாரியை வைத்தார். அவரிடமும், "ஒருமுறை கேட்டால் போதும்" என்று இரண்டுமுறை சொன்னார்.

மரைக்காயரின் கப்பல் மறுபடி வந்தது. பக்கத்துத் துறையை நோக்கித்தான் போனது. தெய்வச்சிலை ஒரு தோணியில் போய் மறித்தார்.

"பந்தல் கிடையாது மரைக்காயரே."

"புலவர்?"

"ஊருக்கு அனுப்பியாச்சு."

மரைக்காயர் நம்பாமல்தான் கப்பலைத் திருப்பினார்.

அன்று பிற்பகல் மன்னர் பரிவாரத்தோடு வந்தார். மாலை இல்லை, மேளம் இல்லை. மரத்தடியில் ஒரு பெரிய குளம். அதில் குதிரைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு கண்ணை மூடியிருந்தன. நடுவில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தபடி மரைக்காயர். அவருக்கும் கழுத்தளவு. அவரும் கண்ணை மூடியிருந்தார். சுங்க அதிகாரி படியில் உட்கார்ந்து, வேலையை எப்போதோ முடித்துவிட்டு, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"இது என்ன?" என்றார் மன்னர்.

"தங்கள் ஆணை மன்னா. அளந்தே வெட்டினேன்."

மரைக்காயர் கண்ணைத் திறந்தார். "மன்னா, குதிரை எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க. அடுத்த கப்பலும் இங்கதான். என்னை மட்டும் இப்ப வெளிய வரச் சொல்லாதீங்க."

திருவாழியாருக்குப் பொறுக்கவில்லை. "அடுக்குமா மன்னா! தாங்கள் நிற்கிறீர்கள், இந்த ஆள் ஆனந்தமாக உட்கார்ந்திருக்கிறார். மன்னர் முன்னால் உட்காருவது குற்றம். சட்டம் தெளிவாகச் சொல்கிறது!"

சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னது. மரைக்காயரின் முகம் வெளிறியது. வீரர்கள் ஈட்டியைச் சரிசெய்தார்கள். எல்லோரும் தெய்வச்சிலையைப் பார்த்தார்கள்.

தெய்வச்சிலை குனிந்து, தண்ணீருக்குள் நிதானமாக உற்றுப் பார்த்தார்.

"அமைச்சர் அவசரப்படுகிறார் மன்னா. மரைக்காயர் உட்காரவில்லை. மிதக்கிறார்."

மரைக்காயர் சட்டென்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

மன்னர் சிரித்த சிரிப்பில் குதிரைகள் மிரண்டன. சிரித்தபடியே மோதிரங்களைக் கழற்றித் தெய்வச்சிலையின் கையில் கொட்டினார். "வைத்துக்கொள்ளும், உமக்குத்தான்." பிறகு கிரீடத்தைக் கழற்றி அமைச்சரிடம் கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்கினார்.

பொழுது சாயும்வரை அவர் வெளியே வரவில்லை. மன்னர் மிதக்கும்போது மற்றவர்கள் உட்காரலாமா என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. அதனால் திருவாழியார் கிரீடத்தை ஏந்திக்கொண்டு நின்றே இருந்தார்.