ஆற்றுக்கு அடியில் போன பல்லக்கு

"ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டு, மன்னரின் மீசையில் ஒரு சொட்டுகூடப் படாமல் அக்கரை சேர்க்காவிட்டால் என் பெயர் வெங்கப்பன் இல்லை!" என்று முன்னொரு காலத்தில் ஒரு விகடன் சபை நடுவே தொடை தட்டினான்.

அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தலைநகரத்து ஜன நெரிசல் அப்படி. ஒருவன் தும்மினால் ஒன்பது வீட்டு விளக்கு அணையும். அன்று காலை ராஜாவின் பல்லக்கே ஓடத்துறைக் கூட்டத்தில் சிக்கி, கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே நசுங்கி நின்றது. "ஆற்றுக்கு அடியில் எமக்கொரு வழி வேண்டும்!" என்று கர்ஜித்தார் ராஜா. சபை முழுவதும் தலை குனிந்தது. வெங்கப்பனின் நாக்கு மட்டும் குனியவில்லை.

தலைமை மந்திரியான பிரதானி அரியநாயகத்துக்கு அவன் என்றாலே வேப்பங்காய். "அப்படியே ஆகட்டும், அரசே. ஆனால் இவன் அணை கட்டக்கூடாது, ஆற்றைத் திருப்பக்கூடாது, தண்ணீரில் கையே வைக்கக்கூடாது. ஐப்பசி வெள்ளத்துக்குள் முடிக்காவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஊர்வலம்!" என்றார்.

அன்று முதல் வெங்கப்பனால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. "கழுதைக்குப் புல்லு வாங்கியாச்சா, சாமி?" என்று கடைத்தெருவே கேட்டது. சித்திரை பிறந்ததும் வழக்கம்போல அரண்மனை மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு மலை மாளிகைக்குக் கிளம்பியது. வருடம் தவறாமல் உடன் போகிறவன், இந்த முறை சபையார் முகத்தில் விழிக்கக் கூசி, காய்ச்சல் என்று சொல்லிப் போர்வைக்குள் சுருண்டான்.

வைகாசியில் ஒருநாள் மனைவி செங்கமலம் போர்வையை உருவினாள். "எத்தினி நாளுக்கு இப்படிக் கெடப்பீங்க? போயி ஆத்துல ஊத்து தோண்டி ஒரு கொடம் தண்ணியாவது கொண்டாங்க!"

"ஆத்துல ஊத்தா? அப்ப ஆறு எங்கடி போச்சு?"

"நல்லா இருக்கே! கோடையில ஆறு காயுறது ஊருக்கே தெரியும். மலைக்கு ஓடிப்போற அரமனைக்காரங்களுக்குத்தான் தெரியாது."

வெங்கப்பன் ஓடிப்போய்ப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். வெள்ளம் சுழல வேண்டிய இடத்தில் சேவற்சண்டை நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் குடியிருந்த ஊரின் ஆற்றைக்கூட அறியாதவனா நான் என்று அவனுக்குக் காது மடல் சுட்டது. மறுநாளே கொத்தர்களைக் கூட்டினான். கேலி பேசியவர்களே காய்ந்த ஆற்றின் குறுக்கே பள்ளம் தோண்டி மணல் சுமந்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக வளைவுக் கூரை எழும்பியது. அதன்மேல் மணல் மூடியது.

ஐப்பசியில் ஆறு இரு கரையும் புரண்டது. பல்லக்கு சுரங்கத்துக்குள் இறங்கியது. நடுவழியில் பிரதானி நின்றார்.

"அரசே, இது வெறும் எலிப்பொந்து. மேலே ஆறு ஓடுகிறது என்பதற்கு என்ன சாட்சி?"

"தங்கள் தலைக்கு மேலே ஒரு மரக்கட்டை செருகியிருக்கிறது, பிரதானியாரே. தாங்களே பிடுங்கிப் பார்க்கலாம். தண்ணீரில் நான் கை வைக்கக்கூடாது என்பது தங்கள் உத்தரவாயிற்றே!"

பிரதானி பிடுங்கினார். பீய்ச்சி அடித்த தண்ணீரில் தலைப்பாகை பறந்தது. கெண்டை மீன் ஒன்று சட்டைக்குள் புகுந்து துள்ளியது. கொத்தர்கள் பாய்ந்து துளையை அடைத்தார்கள். ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகள் தடுமாறினார்கள். தம் பட்டுச் சால்வையைக் கழற்றி வெங்கப்பனுக்குப் போர்த்தினார்.

பிரதானி சொட்டச் சொட்டத் தரையைப் பார்த்து நின்றார். தலைகாட்ட முடியாத அந்த நிற்பு வெங்கப்பனுக்கு நன்றாகத் தெரியும். சால்வையை அவரிடம் நீட்டினான். "துடைத்துக்கொள்ளுங்கள், ஐயா."

அவர் முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆறு மேலேதான் ஓடுகிறது, அரசே."